இணையப் பக்க அமைப்பு குலையும்போது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

சிற்றிதழ்கள், பள்ளிகள், சிறு கடைகள் ஆகியவற்றின் தளங்களைப் பழுது பார்க்கும்போது ஒரே வகைக் கோளாறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கைபேசியில் பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது, ஓரப்பட்டை கட்டுரைக்குக் கீழே போய்விடுகிறது, அட்டைகள் (படம், தலைப்பு, சுருக்கம் கொண்ட சிறு பெட்டிகள்) ஒன்றுக்கொன்று ஒட்டாமல் ஏறி இறங்கி நிற்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் சி.எஸ்.எஸ்.ஸில், அதாவது பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியில், ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்துவிடும். மீதியில், அந்த இடத்துக்கு முதலிலேயே தேர்ந்தெடுத்த அமைப்பு முறை பொருந்தாததாக இருக்கும். அங்கே எத்தனை வரி சேர்த்து ஒட்டுப்போட்டாலும், அடுத்த நீளமான தலைப்பு ஏறியவுடன் மறுபடியும் குலையும். ஒரு வரியில் தீரும் கோளாறு எது, முறையையே மாற்ற வேண்டிய கோளாறு எது என்று பிரித்தறிந்துவிட்டால் வேலை பாதி முடிந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

தளத்தின் கோப்புகளில் எதையும் தொடுவதற்கு முன், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் பக்கத்தைத் திறந்து கோளாறு அங்கும் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே தெரியாவிட்டால் பழைய சேமிப்போ, உலாவியில் நீங்கள் நிறுவியுள்ள ஏதேனும் நீட்டிப்போ காரணமாக இருக்கலாம். கேஷை (உலாவி சேமித்து வைத்த பழைய நகலை) அழித்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

அடுத்து, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இலவசமாக வழங்கும் எச்.டி.எம்.எல். (பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழி) சரிபார்ப்பியில் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள். மூடப்படாத ஒரு 'டிவ்' (பகுதிகளைச் சூழும் பெட்டிக் குறிச்சொல்) மட்டுமே காரணமாக இருந்து, அதைத் தேடாமல் நாள் முழுவதும் சி.எஸ்.எஸ்.ஸை மாற்றிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். சரிபார்ப்பி காட்டும் எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் தீர்க்க வேண்டியதில்லை. மூடாத குறிச்சொல், தவறான இடத்தில் மூடிய குறிச்சொல் ஆகிய இரண்டை மட்டும் தீருங்கள்.

மூன்றாவதாக, கோளாறான இடத்தில் வலது சொடுக்கு செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும், ஃப்ளெக்ஸ்பாக்ஸ் (ஒரு திசையில் அடுக்கும் முறை) கொண்டு அடுக்கிய கூறுக்குப் பக்கத்தில் 'ஃப்ளெக்ஸ்' என்றும், கிரிட் (வரிசை, பத்தி என இரு திசையிலும் அடுக்கும் முறை) கொண்டு அடுக்கியதற்குப் பக்கத்தில் 'கிரிட்' என்றும் ஒரு சிறு வில்லை தெரியும். அதைச் சொடுக்கினால் கட்டக் கோடுகள் பக்கத்தின் மேலேயே வரையப்படும். வில்லை எதுவும் இல்லையென்றால் ஃப்ளோட், இன்லைன்-பிளாக், டேபிள், அப்சல்யூட் ஆகிய வேறு அமைப்பு முறைகளில் ஒன்றாக இருக்கும், அல்லது உலாவி தன் இயல்புப்படி மேலிருந்து கீழாக அடுக்கியதாக இருக்கும். எந்த முறையில் நிற்கிறது என்பது தெரியாமல் திருத்தத் தொடங்காதீர்கள்.

## அறிகுறி 1: பக்கம் பக்கவாட்டில் நகர்கிறது

இதுவே அதிகம் வருவது. எந்தக் கூறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, 'இன்ஸ்பெக்ட்' கொடுத்ததும் திறக்கும் டெவலப்பர் டூல்ஸின் 'எலிமென்ட்ஸ்' பகுதியில் பக்கத்தின் பெரிய பகுதிகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து 'டிலீட்' விசையை அழுத்துவதுதான். ஒன்றை நீக்கியதும் கீழேயுள்ள நகர்த்துபட்டை மறைந்தால் குற்றவாளி அதற்குள்ளே இருக்கிறது. 'கண்ட்ரோல்-இசட்' அழுத்தி அதைத் திரும்பக் கொண்டுவந்து, அதன் உட்கூறுகளில் அதே சோதனையைத் தொடருங்கள். இது உங்கள் உலாவியில் மட்டும் நடக்கும் மாற்றம், தளம் பாதிக்கப்படாது.

### பக்கம் நகரவில்லை, ஆனால் கைபேசியில் எல்லாம் எறும்பளவில் தெரிகிறது என்றால்

எச்.டி.எம்.எல்.லின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' மெட்டா குறிச்சொல் விடுபட்டிருக்கிறது. அது இல்லாதபோது கைபேசி உலாவிகள் பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலத் திரைக்கானதாகக் கருதி வரைந்து, பிறகு சுருக்கிக் காட்டுகின்றன. அகலத்தைக் 'டிவைஸ்-விட்த்' என்று குறிப்பிடும் அந்த ஒற்றை வரியைச் சேர்த்தால் போதும். சேர்த்த பிறகு பக்கம் பக்கவாட்டில் நகரத் தொடங்கினால் அஞ்ச வேண்டாம். இதுவரை மறைந்திருந்த கோளாறு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது.

### விண்டோஸ் கணினியில் மட்டும் சிறிதளவு நகர்கிறது, கைபேசியில் இல்லை என்றால்

எங்கோ ஒரு கூறுக்கு அகலம் '100விடபிள்யூ' (திரையின் முழு அகலம்) என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அளவு, வலப்பக்க நகர்த்துபட்டையின் இடத்தையும் சேர்த்தே கணக்கிடும். கைபேசியில் அந்தப் பட்டை தனி இடம் எடுத்துக்கொள்வதில்லை என்பதால் அங்கே தெரிவதில்லை. அதை 100 விழுக்காடாக மாற்றுங்கள், அல்லது அகலத்தையே நீக்கிவிடுங்கள். 'பிளாக்' வகைக் கூறு தானாகவே முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும்.

### பூட்ஸ்டிராப் பயன்படுத்திய தளத்தில் சரியாக 15 பிக்சல் நகர்கிறது என்றால்

பூட்ஸ்டிராப் என்பது ஆயத்தமான சி.எஸ்.எஸ். தொகுப்பு. அதன் 3, 4-ஆம் பதிப்புகளில் 'ரோ' வகுப்புக்கு இரு பக்கமும் 15 பிக்சல் எதிர்மறை மார்ஜின் (வெளி இடைவெளி) உண்டு. 'கன்டெய்னர்' வகுப்புக்குள் வைக்காமல் 'ரோ'வை நேரே வைத்தால் அந்த அளவு வெளியே நீளும். வெளியே ஒரு கன்டெய்னரைச் சேருங்கள்.

### படம், காணொளி, அட்டவணை ஆகியவை நீட்டிக்கொண்டிருந்தால்

படங்களுக்கு 'மேக்ஸ்-விட்த்' 100 விழுக்காடு, உயரம் 'ஆட்டோ' என்று கொடுங்கள். உண்மையான தரவு அட்டவணையைச் சுருக்க முயல வேண்டாம். அதைச் சுற்றி ஒரு 'டிவ்' அமைத்து, அதற்குள் மட்டும் பக்கவாட்டில் நகருமாறு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ' கொடுங்கள். உள்ளே பேடிங் (உள் இடைவெளி) உள்ள பெட்டி நீட்டிக்கொண்டிருந்தால் 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள்.

### எழுத்துதான் நீட்டிக்கொண்டிருக்கிறது என்றால்

தமிழ்த் தளங்களில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும், ஏனெனில் நம் சொற்கள் ஒட்டிக்கொண்டே நீளும் இயல்புடையவை. 'பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பு அளவில் 320 பிக்சல் அகலத்துக்குள் வைத்துப் பாருங்கள். இடைவெளியே இல்லாத அந்தச் சொல்லை எங்கே முறிப்பது என்று தெரியாமல் உலாவி அதை வெளியே விட்டுவிடும். ஆங்கில உரையை வைத்து வடிவமைத்து விற்கப்படும் வார்ப்புருக்களில் இந்தச் சோதனை நடந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் எந்தத் தளத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் இத்தகைய ஒரு சொல்லை எல்லாத் தலைப்புகளிலும் இட்டுப் பார்த்துவிடுகிறேன்.

திருத்தம் 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்ற பண்பில் இருக்கிறது. அதற்கு 'பிரேக்-வேர்ட்', 'எனிவேர்' என்று இரண்டு மதிப்புகள் உண்டு. இரண்டுமே நீண்ட சொல்லை முறிக்கும். ஆனால் ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட் பெட்டிக்குள்ளும் டேபிள் கட்டத்துக்குள்ளும் வேறுபாடு வெளிப்படும். 'பிரேக்-வேர்ட்' கொடுத்தால், பெட்டி எவ்வளவு குறுகலாம் என்று உலாவி கணக்கிடும்போது முறியாத முழுச் சொல்லின் நீளத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பெட்டி குறுகாமல் அடம் பிடிக்கிறது. 'எனிவேர்' கொடுத்தால் அந்தக் கணக்கிலும் முறிவு சேர்ந்துவிடும். கட்டுரை உரைக்கு 'பிரேக்-வேர்ட்' போதும். குறுகிய அட்டைக்குள் உள்ள தலைப்புக்கு 'எனிவேர்' கொடுங்கள். முறிவு நல்ல இடத்தில் நேர வேண்டுமென்று விரும்பும் நிலையான தலைப்புகளில், கண்ணுக்குத் தெரியாத மென்னிணைப்புக் குறியை ('சாஃப்ட் ஹைஃபன்') சொல்லின் பகுப்பில் கையாலேயே இட்டுவிடலாம்.

### மேற்சொன்ன எதுவும் இல்லை, ஆனால் ஃப்ளெக்ஸ் அல்லது கிரிட் வில்லை தெரிகிறது என்றால்

ஃப்ளெக்ஸ் பெட்டியின் உறுப்புகள் தம் உள்ளடக்கத்தைவிடக் குறுகுவதில்லை என்பது அவற்றின் இயல்பு நிலை. நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புக்கு 'மின்-விட்த்: 0' கொடுங்கள். கிரிட்டாக இருந்தால், பத்தியின் அளவு '1எஃப்ஆர்' (மிச்ச இடத்தில் ஒரு பங்கு) என்றிருக்கும் இடத்தில் 'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)' என்று எழுதுங்கள். நிரல்களைக் காட்டும் நீண்ட வரிகள் உள்ள தளங்களில் பெரும்பாலும் இதுவே விடை.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: முழுப் பக்கத்தைச் சுற்றியுள்ள உறைக்கு 'ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஹிடன்' கொடுத்து நகர்வை மறைப்பது. வெளியே நீண்டிருக்கும் பொத்தான் வெட்டுப்பட்டுப் படிப்பவருக்குக் கிடைக்காமலே போகும். அதோடு அறிகுறி 4-இல் சொல்லும் கோளாறும் வந்து சேரும்.

## அறிகுறி 2: ஓரப்பட்டை கட்டுரைக்குக் கீழே இறங்கிவிடுகிறது

ஃப்ளோட் முறையில் நிற்கும் பக்கமானால், இரு பத்திகளின் அகலங்களையும் பேடிங்கையும் கூட்டிப் பாருங்கள்; 100 விழுக்காட்டைத் துளி மீறினாலும் இரண்டாவது பத்தி கீழே போய்விடும். 'பார்டர்-பாக்ஸ்' சேர்த்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இன்லைன்-பிளாக் முறையானால், எச்.டி.எம்.எல்.லில் இரு கூறுகளுக்கு நடுவே நீங்கள் விட்ட வரி முறிவே ஓர் இடைவெளி எழுத்தாக வரையப்பட்டு இடத்தைத் தின்கிறது. ஃப்ளெக்ஸ் முறையானால் 'ஃப்ளெக்ஸ்-ராப்' கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இடம் போதாதபோது உறுப்பை அடுத்த வரிக்குத் தள்ளுவது அதுதான்.

ஒரு குறிப்பிட்ட அகலத்தில் மட்டும் குலைகிறது என்றால் மீடியா குவெரிகளின் (திரை அகலத்துக்கேற்ப மாறும் சி.எஸ்.எஸ். விதிகளின்) எல்லைகளைப் படித்துப் பாருங்கள். ஒன்று 768 வரை என்றும் மற்றொன்று 768 முதல் என்றும் எழுதப்பட்டிருந்தால், சரியாக 768 பிக்சலில் இரண்டும் சேர்ந்து செயல்படும். பழைய ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் அதுவே என்பதால், "ஐபேடில் மட்டும் கெடுகிறது" என்ற புகாராக இது வந்து சேரும்.

இவற்றைத் திருத்தியும் ஓரப்பட்டை அடிக்கடி இறங்கினால் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு முறையை மாற்றுங்கள். ஃப்ளோட், உரை ஒரு படத்தைச் சுற்றி ஓடுவதற்காக வந்தது. அந்த வேலைக்கு இன்றும் அதைவிடச் சிறந்தது இல்லை. முழுப் பக்கத்தையும் பத்திகளாகப் பிரிக்க அதை நெடுங்காலம் பயன்படுத்தினோம் என்றால், வேறு வழி இல்லாததே காரணம். 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் வந்துவிட்டது, அக்டோபரில் எட்ஜிலும் வந்தது. தடையாக இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கான ஆதரவு 2022 ஜூன் 15-இல் விண்டோஸ் 10-இன் பெரும்பாலான பதிப்புகளில் முடிந்தது. ஆகவே கட்டுரையையும் ஓரப்பட்டையையும் சூழ்ந்துள்ள பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: கிரிட்' கொடுத்து, பத்திகளை 'மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்)', '300பிக்சல்' என்று வகுத்துவிடுங்கள். உள்ளே உள்ள பழைய ஃப்ளோட் வரிகளை உடனே நீக்க வேண்டிய அவசரம் இல்லை. கிரிட் பெட்டியின் நேரடி உறுப்புகளின் மேல் ஃப்ளோட் செல்லாது. பழைய விழுக்காட்டு அகலங்களை மட்டும் நீக்க மறக்காதீர்கள், ஏனெனில் அவை தொடர்ந்து செல்லும்; ஓரப்பட்டை தன் 300 பிக்சலில் 30 விழுக்காட்டுக்குச் சுருங்கி நிற்கும்.

ஓரப்பட்டை இறங்கவில்லை, ஆனால் பெட்டியின் பின்னணி நிறம் காணாமல் போய் அடுத்த பகுதி மேலே ஏறிவிட்டது என்றால், ஃப்ளோட் ஆன உறுப்புகளின் உயரம் பெட்டியின் கணக்கில் வரவில்லை. பெட்டிக்கு 'டிஸ்ப்ளே: ஃப்ளோ-ரூட்' கொடுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: வார்ப்புருக் கோப்பைத் திறந்து பார்க்கையில் 'இம்பார்ட்டன்ட்' என்ற அறுதிக் குறி திரும்புகிற பக்கமெல்லாம் தென்பட்டால், அல்லது பக்கம் ஒரு பேஜ் பில்டர் (நிரல் எழுதாமல் பக்கம் கட்டும்) செருகுநிரலால் உருவாக்கப்பட்டு, நீங்கள் செய்யும் திருத்தத்தை அது அடுத்த சேமிப்பில் அழித்துவிட்டால்.

## அறிகுறி 3: அட்டைகள் வரிசையாக நிற்கவில்லை

ஃப்ளெக்ஸா, கிரிட்டா என்ற தேர்வு உண்மையில் முடிவாகும் இடம் இதுதான். எனவே எந்த வகையில் குலைகிறது என்பதைப் பொறுமையாகப் பாருங்கள்.

### கடைசி வரிசையில் மிஞ்சிய இரண்டு அட்டைகள் மட்டும் அகன்று நிற்கின்றன என்றால்

ஃப்ளெக்ஸ் முறையில் ஒவ்வொரு வரிசையும் தன் மிச்ச இடத்தைத் தானே பங்கிட்டுக்கொள்ளும். மேல் வரிசையில் எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. இதைத் தவிர்க்கக் கண்ணுக்குத் தெரியாத வெற்று அட்டைகளைச் சேர்ப்பவர்கள் உண்டு, அது வேண்டாம். மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் பத்திகள் ஒத்துப்போக வேண்டும் என்ற தேவை எழுந்த கணமே அது கிரிட்டுக்குரிய வேலையாகிவிட்டது. பத்திகளை 'ரிபீட்', 'ஆட்டோ-ஃபில்', 'மின்மேக்ஸ்' மூன்றையும் சேர்த்து வகுத்து, குறைந்த அளவாக 16ரெம் (ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு) கொடுங்கள். அந்த 16ரெமையும் 'மின்(100%, 16ரெம்)' என்று எழுதினால் மிகக் குறுகிய திரையிலும் வெளியே நீளாது. இதற்கு மீடியா குவெரியே தேவையில்லை.

### இரண்டே அட்டைகள் இருக்கும்போது வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்றால்

'ஆட்டோ-ஃபில்' காலிப் பத்திகளையும் காத்து வைத்திருக்கும். 'ஆட்டோ-ஃபிட்' அவற்றைச் சுருக்கிவிட்டு, இருக்கும் அட்டைகளை அகலப்படுத்தும். அட்டைகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும் செய்திப் பட்டியலுக்கு முதலாவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒரே ஒரு செய்தி இருக்கும் நாளில் அந்த அட்டை திரை முழுவதும் விரிவது அழகாக இருப்பதில்லை.

### அட்டைகள் ஒரே உயரம், ஆனால் உள்ளே 'மேலும் படிக்க' பொத்தான்கள் ஏறி இறங்கி நிற்கின்றன என்றால்

அட்டையை மட்டும் செங்குத்துத் திசை ஃப்ளெக்ஸ் ஆக்கிப் பொத்தானுக்கு 'மார்ஜின்-டாப்: ஆட்டோ' கொடுங்கள். வெளியே கிரிட், உள்ளே ஃப்ளெக்ஸ் என்று இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. நல்ல பக்கங்கள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. ஒரு திசையில் மட்டும் ஓடும் மெனு, பொத்தான் வரிசை, குறிச்சொல் பட்டியல் ஆகியவற்றைக் கிரிட்டுக்கு மாற்ற வேண்டாம். அவற்றில் ஒவ்வொன்றும் தன் உள்ளடக்கத்துக்கேற்ற அகலத்தில் நிற்பதே சரி, அதற்கு ஃப்ளெக்ஸே பொருத்தம்.

### ஓர் அட்டையின் தலைப்பு மூன்று வரி, பக்கத்து அட்டையில் ஒரு வரி. அதனால் கீழேயுள்ள சுருக்கங்கள் ஒரே கோட்டில் தொடங்கவில்லை என்றால்

இதற்குச் சப்கிரிட் உண்டு: உள்ளே இருக்கும் கிரிட், வெளிக் கிரிட்டின் கோடுகளையே பயன்படுத்தும். ஃபயர்ஃபாக்ஸில் 2019-லும், சஃபாரியில் 2022-லும், குரோமில் 2023 செப்டம்பரிலும் வந்தது. ஆதரவில்லாத பழைய உலாவியில் சுருக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காது, அவ்வளவே. படிப்பதற்கு இடைஞ்சல் இராது. தலைப்புக்கு நிலையான உயரம் கொடுத்து இதைச் சமாளிக்க முயல வேண்டாம். அதனால் வரும் கோளாறு அறிகுறி 5-இல் இருக்கிறது.

## அறிகுறி 4: ஒட்டி நிற்க வேண்டிய மெனு நகர்ந்து போய்விடுகிறது

'பொசிஷன்: ஸ்டிக்கி' கொடுத்தும் நிற்கவில்லையென்றால் முதலில் 'டாப்' அளவு கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அது இல்லாமல் எதுவும் நடக்காது. இருந்தால், அந்தக் கூறிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வெளிப் பெட்டியாகச் சொடுக்கி, எதிலாவது 'ஓவர்ஃப்ளோ' பண்புக்கு 'ஹிடன்' அல்லது 'ஆட்டோ' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெனு பக்கத்தோடு அல்லாமல் அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். மறைப்பது கட்டாயமென்றால் 'ஹிடன்' என்பதற்குப் பதில் 'கிளிப்' என்று எழுதுங்கள்.

கிரிட்டின் அல்லது ஃப்ளெக்ஸின் ஓரப்பட்டை மட்டும் நிற்கவில்லையென்றால், அது கட்டுரையின் முழு உயரத்துக்கும் ஏற்கெனவே நீண்டிருக்கிறது, நகர்வதற்கே இடமில்லை. அதற்கு 'அலைன்-செல்ஃப்: ஸ்டார்ட்' கொடுத்தால் தன் உயரத்துக்குச் சுருங்கி ஒட்டி நிற்கும்.

## அறிகுறி 5: எழுத்தின் மேல் எழுத்து ஏறுகிறது, அல்லது வெட்டுப்படுகிறது

பிக்சலில் கொடுக்கப்பட்ட உயரங்களைத் தேடி, 'ஹைட்' இருக்கும் இடங்களை 'மின்-ஹைட்' ஆக்குங்கள். அதே பொருளைச் சொல்லும் தமிழ் வரி ஆங்கில வரியைவிடப் பெரும்பாலும் அதிக இடம் எடுக்கும் என்பதால், ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பெட்டியில் தமிழ் வழிந்துவிடும். எழுத்தின் அடிப்பகுதி மட்டும் வெட்டுப்பட்டால், அதாவது 'பூ', 'மூ' போன்ற எழுத்துகளின் கால் தெரியாமல் போனால், வரியுயரம் போதவில்லை. தமிழ் உரைக்கு 1.6 முதல் 1.8 வரை வைத்துப் பாருங்கள், ஒரு வரித் தலைப்புக்கும் 1.3-க்குக் கீழே போக வேண்டாம்.

பெட்டிகளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 'பொசிஷன்: அப்சல்யூட்' என்றும் 'டாப்', 'லெஃப்ட்' அளவுகளும் இருக்கின்றன என்றால், வடிவமைப்புக் கருவியிலிருந்து நேரே ஏற்றுமதி செய்த பக்கமாக இருக்கும். அப்சல்யூட், படத்தின் மூலையில் ஒரு சின்ன முத்திரை வைக்க உதவும். முழுப் பக்கத்துக்கும் அது ஒருபோதும் உகந்ததன்று, ஏனெனில் ஒரு பெட்டி வளர்வது மற்றொன்றுக்குத் தெரியாது. இத்தகைய பக்கத்தைத் திருத்த முடியாது, புதிதாகவே கட்ட வேண்டும். ஒரே பக்கமென்றால் நீங்களே கட்டிவிடலாம். தளம் முழுவதும் இப்படியென்றால் பணத்தை ஒட்டுவேலைக்குச் செலவிடாமல் நிபுணரிடம் மறுகட்டுமானத்துக்குக் கொடுங்கள்.

திரையின் அடிப்பகுதியில் இருக்க வேண்டிய பொத்தான் கைபேசியில் மட்டும் மறைந்திருந்தால் '100விஎச்' (திரையின் முழு உயரம்) காரணம். '100டிவிஎச்' என்று மாற்றுங்கள். 2022-க்குப் பிந்தைய உலாவிகளில் அது செல்லும். பழையவற்றுக்காக முதல் வரியை அப்படியே விட்டு, அடுத்த வரியாக இதைச் சேருங்கள்.

## அறிகுறி 6: பார்வைக்குச் சரி, ஆனால் 'டேப்' விசையை அழுத்தினால் குறி தாறுமாறாகத் தாவுகிறது

ஃப்ளெக்ஸின் 'ஆர்டர்' பண்போ, கிரிட்டில் இடம் குறித்து வைத்ததோ கண்ணுக்குத் தெரியும் வரிசையை மாற்றியிருக்கிறது. விசைப்பலகையும் திரைப்படிப்பானும் (பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்) எச்.டி.எம்.எல். வரிசையிலேயே செல்லும். எச்.டி.எம்.எல்.லைப் படிக்கும் வரிசையில் மாற்றி எழுதிவிட்டு 'ஆர்டர்' வரிகளை நீக்குங்கள். இதை நான் சிறிய குறையாகக் கருதுவதில்லை. பார்வையற்ற ஒருவர் விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குப் பிறகு நேரே 'அனுப்பு' பொத்தானுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பக்கம் அவரைப் பொறுத்தவரை வேலை செய்யவில்லை. பணம் செலுத்தும் பக்கத்திலோ அரசு சார்ந்த படிவத்திலோ இது தென்பட்டால் அணுகல்தன்மை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்காமல் வெளியிட வேண்டாம்.

## அறிகுறி 7: தளத்தில் அழகாக உள்ள அமைப்பு, செய்திமடலாக மின்னஞ்சலில் போனதும் சிதறுகிறது

இங்கே மட்டும் இதுவரை சொன்ன தேர்வு தலைகீழாகிறது. விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் மரபான அவுட்லுக், 2007 பதிப்பு முதல், மடலை வரைய வேர்ட் செயலியின் பொறியையே பயன்படுத்துகிறது. அதற்கு ஃப்ளெக்ஸும் தெரியாது, கிரிட்டும் தெரியாது. ஆகவே மடலுக்கு டேபிள் முறையே சரியானது. ஒற்றைப் பத்தியாக, 600 பிக்சல் அகலத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக டேபிள்களை அமைத்து, பாணிகளை ஒவ்வொரு கூறிலும் நேரடியாகவே எழுதுங்கள். திரைப்படிப்பான் அவற்றைத் தரவு அட்டவணையாக வாசிக்காமலிருக்க, ஒவ்வொரு டேபிளுக்கும் 'ரோல்' பண்பில் 'பிரசன்டேஷன்' என்று குறிப்பிடுங்கள்.

அனுப்பும் முன் ஜிமெயில், அவுட்லுக், கைபேசி ஆகிய மூன்றிலும் உங்களுக்கே ஒரு மடலை அனுப்பிப் பாருங்கள். இரண்டு பத்தி வேண்டும், கைபேசியில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக வேண்டும், அவுட்லுக்கிலும் குலையக் கூடாது என்று மூன்றும் ஒருசேரத் தேவைப்பட்டால், அது மின்னஞ்சல் வார்ப்புரு மட்டுமே செய்துவருபவர்களின் வேலை. அவர்களிடம் ஒருமுறை வார்ப்புரு வாங்கிக்கொண்டு, மாதந்தோறும் உள்ளடக்கத்தை மட்டும் நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.